வண்டி நிற்காத ஸ்டேஷன்

திருமுல்லைவாயில்
29-8-93

அன்பு மகள் கஸ்தூரிக்கு அம்மா சொல்ல, உன் தங்கை வனஜா எழுதுவது. இங்கே அப்பா, நான், வனஜா, பின்பக்கத்துக் கொய்யா மரம் எல்லோரும் சுகம். டேராடூன் மழையும் ஹாஸ்டல் சப்பாத்தியும் உன்னைப் படுத்தாமல் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது, பதில் தாமதமானதற்குக் காரணம் நீ எழுதிய ஒரே ஒரு வார்த்தைதான். சொன்னால் சிரிப்பாய், சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

இரண்டு வேலைக்கு இண்டர்வியூ வந்திருக்கிறது, இரண்டும் செப்டம்பர் இருபதாம் தேதியே, ஒன்று இங்கே பட்டணத்துப் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் பாடம் நடத்துவது, இன்னொன்றுக்குக் கோயம்புத்தூரில் கேள்வி கேட்பார்கள், ஆனால் வேலை வால்பாறைக் காட்டுக்குள் ஃபீல்டு ஸ்டேஷனில் என்று எழுதியிருந்தாய். ஒரே நாளில் இரண்டு ஊரில் நிற்க முடியாது, நீங்கள் எதைச் சொன்னாலும் சரி என்று எங்கள் தலையில் போட்டுவிட்டாய். வனஜா வாசிக்கும்போது நான் அடுப்படியில் இருந்தேன், காதில் விழுந்தது ஸ்டேஷன் மட்டும்தான். ஐயோ படிச்ச பொண்ணு ஸ்டேஷனுக்கு ஏன் போவணும், எவன் கேஸ் போட்டான் என்று நான் போட்ட சத்தத்தில் குழாயடியில் நின்ற எதிர் வீட்டு நாகவல்லி குடத்தோடு ஓடிவந்தாள். அப்பாதான் போலீஸ் ஸ்டேஷன் இல்லடி, இது ரயில்வே ஸ்டேஷன், மலையடிவாரத்துல ஏதோ சின்ன ஸ்டேஷனா இருக்கும் என்று என்னை உட்காரவைத்தார். உட்காரவைத்தவர் சும்மா இருந்தாரா, மறுநாள் ஃபேக்டரிக்குப் போகிற அவசரத்தில் நம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் தலையை விட்டு, வால்பாறைப் பக்கம் ஃபீல்டு ஸ்டேஷன் எந்த லைனில் வருகிறது, எக்ஸ்பிரஸ் நிற்குமா பாசஞ்சர்தானா என்று கேட்டிருக்கிறார். உள்ளே இருந்த பையன் ஒரு புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, பெருசு, அங்க யானைதான் நிக்கும், வண்டி நிக்காது, பின்னாடி இம்மாம் ஜனம் கீது, கொஞ்சம் நகரு என்றானாம். இதை என்னிடம் சொல்லவே அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அதற்குள் நாகவல்லி தெரு முழுக்க நீ சப்-இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டாய் என்று பரப்பிவிட்டாள். துணி தேய்க்கிற முனியன் அப்பாவைக் கண்டால் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு சலாம் போடுகிறான், நைனா, பொண்ணாண்ட சொல்லி என் வண்டிய இங்கயே நிக்க வுடச் சொல்லு என்கிறான். நாகவல்லிக்கோ போன மாதம் காணாமல்போன சைக்கிளை நீ கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டுமாம். பச்சைக் கலர், பெல் கிடையாது, பின் மட்கார்டில் ஒரு நெளிசல் என்று எழுதச் சொன்னாள், எழுதியாயிற்று.

பிறகுதான் வனஜா உன் கடிதத்தை ஆற அமர வாசித்து எங்களுக்கு விளக்கினாள். ஸ்டேஷன் என்றால் காட்டுக்குள் நாலு அறையும் ஒரு மழை அளக்கிற கருவியும் என்று இப்போது தெரிகிறது. மரத்தைச் சுற்றித் தகட்டுப் பட்டை கட்டி வருஷா வருஷம் எவ்வளவு பருக்கிறது என்று அளப்பாய், மழையையும் வெயிலையும் குறித்து வைப்பாய், வெயில் இப்படியே ஏறிக்கொண்டு போனால் எந்த மரம் தாங்கும் எது பட்டுப்போகும் என்று பார்ப்பாய், அப்படித்தானே? வனஜாவுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிற ஜமீலா அப்போது இங்கேதான் இருந்தாள். அட இன்னாக்கா, நம்ம தொழில்தானே பண்ணப் போவுது உன் பொண்ணு, நான் பொம்பளைக்கு அளவெடுக்கிறேன், அது மரத்துக்கு அளவெடுக்குது, மரம்னா தேவல, இடுப்புல டைட்டாக் கீதுன்னு ஜாக்கெட்டத் தூக்கிகினு சண்டைக்கு வராது என்றாள். அப்பாவே சிரித்துவிட்டார்.

சிரித்தோமே தவிர எங்கள் மனசு கல்லூரிப் பக்கம்தான் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். கல்லூரி வேலை பர்மனென்ட், காட்டு வேலை மூன்று வருஷத்துக்குத்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அது வேலையே இல்லை. எனக்கோ நீ சாயங்காலம் லோக்கல் வண்டியில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றும்போதே என்னம்மா குழம்பு என்று கேட்க வேண்டும், ஏழு வருஷமாக அந்தக் குரல் இந்த வீட்டில் இல்லை. அதுவும் தவிர அந்தக் காட்டில் அட்டை, யானை, கரண்ட் பாதி நாள் கிடையாது, நாள் முழுக்கப் பேச ஆள் கிடைக்காது என்று எழுதியிருந்தாயே, பேச ஆள் இல்லாத இடத்தில் மனுஷி எப்படி இருப்பாள்? கல்லூரிக்கே வா என்று எழுது என வனஜாவைப் பேப்பரும் பேனாவுமாக உட்காரவைத்துவிட்டேன். அவள் எழுதவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாமல் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், என்னிடம் மட்டும் மெதுவாக, எழுதறதுக்கு முன்னாடி அக்கா லெட்டரை இன்னொரு தரம் படிக்கட்டுமாம்மா என்றாள். சரி படி என்று தோசைக்கல்லைப் போட்டேன். கல்லூரி பற்றி நீ எழுதியிருந்தது நான் மாவை ஊற்றி எண்ணெய் விடுவதற்குள் முடிந்துவிட்டது. காட்டைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தாள் பார், மேகம் கீழே இறங்கி மரத்துக்குள் நடக்கிறது என்கிறாய், ஒரே மரத்தில் இத்தனை பூச்சி என்கிறாய், இன்று அளக்கிறவர்கள் செத்தபிறகும் அந்தப் பட்டையை யாராவது வந்து அளப்பார்கள் என்கிறாய், அதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் தோசை கரியாகிவிட்டது. அடுத்ததும் கருகிற்று. வனஜா படிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது கண்ணு. நாங்கள் சொன்னால் நீ கல்லூரிக்கு வந்துவிடுவாய், சாயங்காலம் வீட்டுக்கும் வருவாய், ஆனால் எண்ணெய் விடுவதற்குள் முடிந்துபோகிற மாதிரித்தான் பேசுவாய்.

அப்பாவிடம் நானே சொன்னேன். அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே, இருபத்தெட்டு வருஷமா பர்மனென்ட்டா ஒரே கேட்டுல நுழைஞ்சு ஒரே கேட்டுல வெளிய வரேன், அது மூணு வருஷம் காட்டைப் பாத்துட்டு வரட்டும் என்றார். அதனால் நீ கோயம்புத்தூருக்கே போ. கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் அழுதுகொண்டு உட்காராதே, இன்னொரு காடு கூப்பிடும். கேள்வி கேட்பவர்கள் முன்னால் வேகமாகப் பேசாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அவர்கள் கேட்டு முடித்ததும் நீ கேட்க வேண்டியது ஒன்றுதான், பக்கத்தில் தபால் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று. அட்டைக்கு உப்பும் தேங்காயெண்ணெயும் நல்லது என்று ஜமீலா சொன்னாள். உனக்கு இரண்டு முழுக்கைச் சட்டை தானே தைத்துத் தருவதாகவும், கூலி பேசக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறாள், மார்பளவும் கையளவும் எழுதி அனுப்பு, மரத்து அளவை அனுப்பிவிடாதே.

டெல்லி வண்டி பத்தொன்பதாம் தேதி காலை சென்ட்ரலுக்கு வருகிறது, கோயம்புத்தூர் வண்டி ராத்திரி. ஞாயிற்றுக்கிழமைதான், மூன்று பேரும் வந்து உன்னை வீட்டுக்குக் கூட்டிவருகிறோம், பகல் முழுக்கச் சாப்பிட்டுத் தூங்கு. பிளாட்பாரம் நம்பர் வரை அப்பா விசாரித்துவிட்டார், இந்த ஸ்டேஷனில் தப்பு நடக்காது என்கிறார். கல்லூரிக்கு வர இயலவில்லை என்று மரியாதையாக ஒரு கடிதம் போட்டுவிடு, மறக்காதே. உன் கால் படுகிற காட்டில் உனக்கு ஒரு குறையும் வராது, போகிற காரியம் ஜெயமாகட்டும், நிறைய வருஷம் நன்றாக இரு.

உன் வருகையை எண்ணிக்கொண்டிருக்கும்
அம்மா சுசீலா, அப்பா கலியமூர்த்தி

அக்கா, இதுவரை அம்மா சொன்னது, என்னைப் பற்றிச் சொன்னதைக்கூட மாற்றாமல் எழுதிவிட்டேன். இது மட்டும் நான். கொய்யா மரத்துக்கு ஜமீலா அக்காவின் பழைய இன்ச் டேப்பைக் கட்டியிருக்கிறேன், நீ வரும்போது சரியாகக் கட்டினேனா என்று பார்க்க வேண்டும். உனக்கு அந்த வேலை கிடைத்தால் ஒரு மாதம் உன்னோடு வந்து இருக்கட்டுமா? சமைத்துப் போடுகிறேன், பட்டையும் பிடிக்கிறேன். நாள் முழுக்கப் பேச ஆள் கிடைக்காது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த ஸ்டேஷனை ரொம்பப் பிடித்திருக்கிறது.

வனஜா