மிச்சம்: இல்லை

பிப்ரவரி 3
அங்கீகாரக் குழுவுக்காக இந்தக் குளிர்காலத்தில் நான் சோதிக்கும் மூன்றாவது கல்லூரி இது. முழங்கால் கெஞ்சுகிறது. விளையாட்டு வீரர்களின் சாப்பாட்டைக் கவனிக்கும் படிப்பு. அங்கீகாரம் நீட்டிக்கப்படாவிட்டால் பதினான்கு மாணவர்கள் வசந்தத் தேர்வு எழுத முடியாது. நடத்துவது குரோமியா, படித்த காலத்தில் எனக்கு இரண்டு வருடம் இளையவன். "அக்கா, நோட்டெல்லாம் பளிச்சுனு இருக்கு. வந்து முத்திரையைக் குத்திட்டுப் போங்க" என்றான்.

பிப்ரவரி 4
பனி. தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 5
பெண்கள் நெடுந்தூர ஓட்ட அணிக்குச் சமைத்துப் போட்டு, மாணவர்கள் ஒவ்வொருவரும் எழுதிய அறுபது நாள் பயிற்சிக் குறிப்பு. 'மிச்சம்' என்ற கட்டத்தில் பதின்மூன்று மாணவர்களின் நோட்டிலும் தினமும் 'இல்லை'. முழு மார்க். நட்சுஹோ என்ற மாணவியின் நோட்டில் மட்டும் 'பாதி', 'பாதி', 'கால்வாசி'. என் கணக்குப்படி அவள் ஃபெயில்.

மதியம் ஒரு வீராங்கனை காலிக் கிண்ணத்தைக் காட்டிக் குனிந்து நன்றி சொன்னாள். பிறகு கழிவறையில் பார்க்கிறேன்: சட்டைக் கையிலிருந்து காகிதத்தில் சுற்றிய சோற்றை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுகிறாள். என்னைக் கண்டதும் அழுதுவிட்டாள். "சமைச்சவங்க முன்னாடி எப்படிங்க மிச்சம் வைக்கிறது? அவங்களுக்கு மார்க் வேற போயிடுமாமே."

பிப்ரவரி 6
மிச்சம் வைத்தால் மார்க் குறையும் என்ற விதியை ஆறு வருடம் முன்னால் மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதியது யார்? நான்தான். அடி அறிவு கெட்டவளே!

பிப்ரவரி 7
நட்சுஹோவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நானும் ஓடுற பொண்ணுங்ககூட உக்காந்து பாதி மிச்சம் வைப்பேங்க. அப்பதான் அவங்களும் வைப்பாங்க. ஏன்னு அப்புறம் கேக்கலாம்ல?" இது எனக்குத் தோன்றவில்லையே — இத்தனை வருடமாக!

குரோமியா கையைப் பிசைந்தான். "அக்கா, அவ ஒருத்தியால எங்க எல்லாரையும் கவுத்துடாதீங்க."
"அவ ஒருத்திதான்டா வேலை செஞ்சிருக்கா."

பிப்ரவரி 14
குழுவில் சொல்லிவிட்டேன்: தப்பு படிவத்தில், படிவம் என்னுடையது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு வருடத் தற்காலிக அங்கீகாரம். பதினான்கு பேரும் தேர்வு எழுதலாம். அந்தக் கட்டத்துக்கு இனி மார்க் கிடையாது. நான் இதுவரை பாஸ் போட்ட முப்பத்தொரு படிப்புகளை மறுபடி பார்க்க வேண்டும். யார்? நானேதான். அப்பாடா, எவ்வளவு களைப்பு.

மார்ச் 2
முப்பத்தொன்றில் முதலாவது. மல்யுத்த அணியோடு மதியச் சாப்பாடு. பாதிக் கிண்ணத்தில், சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தேன். பரிமாறிய மாணவியின் முகம் வாடியது. வைத்த குச்சிகளை மறுபடி எடுக்கவில்லை நான். எதிரே இருந்த பையன் என் கிண்ணத்தைப் பார்த்தான், பயிற்சியாளரைப் பார்த்தான், மெதுவாகத் தன் குச்சிகளையும் வைத்தான்.

"எனக்கு மூணு நாளா இறங்கலைங்க" என்றான்.

மாணவி நோட்டை மூடிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.