மாவு மில்லுக்கு மேலே ஒரு சபை

என் அருமை மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது, அப்பா அதைக் கையில் மாட்டிக்கொண்டு காலை ஜெபம் செய்கிறார், அதுதான் வசதியாம். குட்டிக்கு இருமல் விட்டதா? ஈரத்தலையோடு தூங்க விடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன், முதலில் உட்கார்ந்துகொள். நாங்கள் வரவில்லை. மாப்பிள்ளை கீழ் அறையைக் காலி செய்து வெள்ளையடித்து வைத்திருப்பது தெரியும், வந்துவிடுகிறோம் என்று போனில் அழுதவளும் நான்தான், அப்பா இல்லை. இப்போது வரவில்லை என்று எழுதுகிறவளும் நானேதான். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் நடந்ததை முழுக்கப் படித்துவிடு.

சபை கூடுகிற மாடி அறைக்கு நேர் கீழே மாவு மில் இருப்பதை நீ பார்த்திருக்கிறாய், ஆனால் நீ வந்திருந்த சமயம் மில்காரர் வெளியூர் போயிருந்ததால் அந்த அனுபவம் உனக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் ஊழியத்துக்கு இங்கே வந்த நாளிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை அப்பா முதல் பாட்டை எடுத்ததும் கீழே மெஷின் ஓடத் தொடங்கும். அரைக்க ஒரு பிடி தானியம் இல்லாவிட்டாலும் ஓடும். தரை அதிரும், ஜன்னல் பல்லைக் கடிக்கும், பலகை இடுக்கு வழியாக மாவு கிளம்பி வேதாகமத்தின் மேல் படியும். கட்டடம் வேறொருவருடையது, மில்காரருடையதாக இருந்திருந்தால் முதல் மாதமே எங்களை விரட்டியிருப்பார். அப்பா விடவில்லை, மெஷினைவிடச் சத்தமாகப் பிரசங்கித்தார். திங்கட்கிழமை தோறும் அந்த முழங்காலோடு கீழே இறங்கிப்போய் மில்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வருவார், அந்த மனுஷன் சாக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார், பதில் வராது. எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டால், அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார். அம்மி நகர்ந்ததோ இல்லையோ, மெஷின் அதிர்ச்சியில் பிரசங்க மேஜை நகர்ந்தது. சுவரோரம் தொடங்குகிற பிரசங்கம் ஆமென் சொல்லும்போது ஜன்னலோரம் போய்ச் சேர்ந்திருக்கும், அப்பாவும் பேசிக்கொண்டே கூட நடப்பார்.

வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கடைசியில் மிஞ்சியது தையல்கார அக்கா ஒருவர்தான். அவருக்குக் காது கேட்காது, அதனால் மெஷினால் ஒரு தொந்தரவும் இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழி சொல்கிறவர்கள் அந்த அக்காவைப் பார்க்க வேண்டும், ஊதுகிறவரின் முகத்தைப் பார்த்தே தலையாட்டுவார், அழ வேண்டிய இடத்தில் சரியாக அழுவார். ஒரு ஞாயிறு அவரும் காய்ச்சலில் படுத்துவிட்டார். அறையில் நானும் அப்பாவும் மட்டும். நமக்குள்தானே, சுருக்கமாக முடியுங்கள் என்றேன். கேட்கவில்லை. முன்னுரை, மூன்று குறிப்பு, முடிவுரை எல்லாம் சொல்லி, அறிவிப்புகளையும் என்னைப் பார்த்து வாசித்தார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அழுகை வந்தது. அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்தேன். அப்பா மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சரிம்மா, உன்னால முடியலன்னா போயிடலாம் என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து என் பெட்டியை அவரே இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் துணியை மடித்து அடுக்கத்தான் செய்தேன்.

அந்த வாரம் மில்காரர் மூட்டை தூக்கும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அறுவடை முடிந்து ஊரே கோதுமையோடு வரிசையில் நிற்கிற சமயம், வேலைக்கு இருந்த ஆளும் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். விடைபெற்றுக்கொள்ளலாம் என்று கீழே போன அப்பா, மில்காரரின் மனைவி மெஷினைக் கிளப்பத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வீட்டில் ஒரு பல்பு மாற்றத் தெரியாத மனுஷன். மில்காரர் கட்டுப்போட்ட கையோடு நாற்காலியில் உட்கார்ந்து, பாஸ்டரே அந்த பெல்ட்டத் தொடாதீங்க, பாஸ்டரே கை போயிடும், உங்களுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா என்று வாங்கு வாங்கென்று வாங்குகிறார். இத்தனை நாள் பேசாதவர் பேசுகிறாரே என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், அது திட்டு என்பதே மண்டையில் ஏறவில்லை.

சந்தோஷத்தில்தான் வினை வந்தது. இருப்பது ஒரே மெஷின். மிளகாய் அரைத்தால், கொஞ்சம் தவிட்டை ஓட்டிக் கல்லைச் சுத்தம் செய்த பிறகுதான் கோதுமையைப் போட வேண்டுமாம். மில்காரர் மருந்து போட்டுக்கொண்டு கண்ணயர்ந்த நேரம் பார்த்து யாரோ மிளகாய் கொண்டுவந்தார்கள், அப்பா அரைத்தார், அடுத்து கோதுமை வந்தது, அதையும் அரைத்தார். அன்று மாலை தெருவில் ரொட்டி சாப்பிட்டவர்கள் எல்லாரும் தண்ணீருக்கு ஓடினார்கள். ஒரு வீட்டில் பல் போன பெரியவர் ஒருவர், எவன்டா ரொட்டிக்குக் கொள்ளி வெச்சது என்று கேட்டாராம்.

மறுநாள் அப்பா வீடு வீடாக மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார், தனியாக விட்டால் அடி வாங்கிக்கொண்டு வருவார் என்று நானும் கூடப் போனேன். எத்தனை முறை தட்டியும் திறக்காத கதவெல்லாம் அன்று திறந்தன மகளே, திட்டுவதற்காகத்தான், ஆனாலும் திறந்தன. வாசலில் நிற்கவைத்துத் திட்டியவர்கள் உண்டு, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் திட்டியவர்களும் உண்டு. ஒரு அம்மா டீயைக் கொடுத்து, ஆறிடப் போகுது, குடிச்சு முடிங்க, அப்புறம் திட்டுறேன் என்றார். அந்தப் பல் போன பெரியவர் படுத்த படுக்கையாக இருக்கிறவர். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, நாளைக்கும் வாங்க, இன்னும் திட்ட வேண்டியது பாக்கி இருக்கு என்றார். அப்பா தினமும் போகிறார். திட்டெல்லாம் தீர்ந்து, இப்போது பெரியவர் தன் செத்துப்போன மகனைப் பற்றிப் பேசுகிறார். அப்பா வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன் அப்பா ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசாமல் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன், அதைவிடப் பெரிய அற்புதத்தை இந்த ஊரில் எதிர்பார்க்காதே.

அதற்குப் பிறகு மில்லை அப்பாவை நம்பி விடக்கூடாது என்று நானும் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். எடை போடுவது நான், கல்லைச் சுத்தம் செய்வது நான், அப்பாவுக்கு மூட்டை வாயைக் கட்டுகிற வேலை மட்டும். ஒரு நாள் கூட்டம் குறைந்த நேரத்தில் மில்காரரிடம் நேராகவே கேட்டுவிட்டேன், எங்க மேல உங்களுக்கு அப்படி என்ன பகை, எங்க சாமியப் பிடிக்கலையா என்று. உன் அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று அவர் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். சாமியோட எனக்கென்னம்மா சண்டை, பிரசங்கம்கூடப் பரவாயில்ல, உங்க வீட்டுக்காரர் பாடுறாரே, அதத்தான் தாங்க முடியல, எங்க அப்பா பாட்டு வாத்தியார், நல்லதா கேட்டு வளந்த காது இது, மெஷினப் போட்டா கேக்காதுன்னு போட்டேன், அவர் இன்னும் சத்தமா பாடினார், நானும் விடல என்றார். உபத்திரவம் என்று எங்களை அனுப்பிய மிஷனுக்கு எழுதி, யார் யாரோ நமக்காக உபவாசம் இருந்த காரியம் இது. அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை, கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் கேட்கிறேனே. இனிமேல் பாட்டு நான் எடுக்கிறேன், அவர் பிரசங்கத்தோடு நிற்கட்டும் என்று பேசி முடித்தோம். அப்பாவிடம், உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பாட்டை விடுங்கள் என்றேன். மாவுத் தூசியில் நிஜமாகவே கட்டித்தான் இருந்தது, பொய்யில்லை.

போன ஞாயிறு மெஷின் ஓடவில்லை. வந்தது பெரிய கூட்டம் என்று நினைக்காதே. தையல்கார அக்கா, டீ கொடுத்த அம்மா, பெரியவரின் மருமகள், மில்காரரின் மனைவி. மில்காரர் உள்ளே வரவில்லை, மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு காத்து வாங்க வந்தேன் என்றார், அந்தப் படியில் காற்றே வராது. அப்பா பழக்கதோஷத்தில் முழுத் தொண்டையில் ஆரம்பித்து, தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு நின்றுவிட்டார். பிறகு எதிரில் இருப்பவரோடு பேசுவது போல மெல்லப் பேசினார். எனக்கே இப்போதுதான் அவர் சொல்வது புரிந்தது. நடுவில் தையல்கார அக்கா என் பக்கம் குனிந்து, கால் கீழ தரை அதிரலையே, எனக்கு உடம்புக்கு என்னமோ ஆயிடுச்சா என்று கேட்டார்.

அன்று மத்தியானம் அப்பா என் முகத்தைப் பார்க்காமல், பெட்டிக்குக் கயிறு கட்டட்டுமா என்றார். வேண்டாம், நாளைக்கு மில்லில் கூட்டம் இருக்கும், அந்தப் பெரியவரிடம் யார் போவது என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திவிட்டு, மாவுத் தூசி என்றார். எனக்குப் பெரிய தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. அடுத்த குளிருக்கு உன்னிடம் மறுபடி அழுதாலும் அழுவேன். ஆனால் அழுதுகொண்டேகூட ஊழியத்தில் இருந்துவிடலாம் போலிருக்கிறது, அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் நானே பேசி மன்னிப்புக் கேட்கிறேன், அந்த அறையில் குட்டி விளையாடட்டும், சுவரில் கிறுக்கினால் அடிக்காதே.

கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் பொத்தி வைத்துக் காக்கட்டும், உங்கள் அடுப்பும் மனசும் அணையாமல் இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. மில்காரர் சொன்ன காரணத்தை மட்டும் போனில் அப்பாவிடம் உளறிவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். இன்னொரு அவசர ஜெபக் குறிப்பும் இருக்கிறது. அடுத்த வாரம் மில்காரருக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். அவர் மனம் இரங்கியதற்கு நன்றியாக அவர் வீட்டு வாசலிலேயே நின்று தனிப்பாட்டு ஒன்று பாடப்போகிறேன் என்று அப்பா இப்போதே குளியலறையில் பழகிக்கொண்டிருக்கிறார். எல்லாச் சரணங்களையும் பாடுவாராம்.

ஆசீர்வாதங்களோடும் கொஞ்சம் நடுக்கத்தோடும்,
உன் அம்மா