இரண்டு கைகள் எழுப்பிய சுவர்

இன்சீன், பர்மா,
1926, வைகாசி மாதம்.

மாந்தளேயிலிருக்கும் என் கணவருக்கு ரத்தினம்மாள் வணங்கி எழுதுவது. நானும் குழந்தையும் சுகம். அங்கே வெயில் தங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

தாங்கள் எழுதியபடி, தங்கள் தகப்பனார், காலஞ்சென்ற மாமா கட்டிய மண்வீட்டை இடிக்கக் கொத்தனார் காஜா மைதீனை அழைத்தேன். கடப்பாரை போட்டவர் கையை உதறிக்கொண்டு நின்றுவிட்டார். "தங்கச்சி, இது வெறும் களிமண்ணும் வைக்கோலுந்தான். ஆனா நல்லா மிதிச்சுக் குழைச்சு, ஒரு வரி காஞ்ச பிறகே மறு வரி வச்சிருக்காங்க. பாறையா இறுகிக் கிடக்கு" என்றார்.

பூச்சு உதிர்ந்த இடத்தில் கைத்தடங்கள் தெரிந்தன. பெரியதும் சிறியதுமாக, அருகருகே.

மாமாவோடு இந்த வீட்டில் வாழ்ந்த பர்மாக்காரப் பெண்மணி டோ மியாவைக் கேட்டேன். "பெரிய கை உங்க மாமா. சின்னக் கை நான். மூங்கில் இருக்கும்போது மண் எதுக்குன்னு எங்க ஆளுங்க சிரிச்சாங்க" என்றார். அப்போது இங்கெல்லாம் வயலாம். வெள்ளத்துக்குப் பயந்து அடியில் செம்பாறைக் கல் போட்டிருக்கிறார் மாமா. மழை சுவரைத் தொடாதபடி ஓலைக்கூரையைத் தாழ இறக்கி வேய்ந்தவர் டோ மியா. சுவர் நம் ஊர், கூரை பர்மா. பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை.

அன்று பிற்பகலே பெரும் காற்றும் மழையும் வந்தன. பக்கத்து வரிசையில் தகரக் கூரைகள் பறந்தன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் நம் வீட்டுக்குள்தான் ஓடி வந்தார்கள். வெளியே அவ்வளவு இரைச்சல்; உள்ளே குழந்தை தூங்கினாள். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. மறுநாள் காஜா மைதீனிடம் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாமா ஊர் திரும்பாமல் டோ மியாவோடு இங்கேயே வாழ்ந்துவிட்டதில் தங்கள் தாயார் பட்ட துன்பம் எனக்குத் தெரியும். அதைச் சிறிதென்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டை இடிக்கப் போகிறோமென்று டோ மியா துணிமூட்டை கட்டி வைத்திருந்தார். மூட்டையை நானே அவிழ்த்து, துணிகளைக் கொடியில் போட்டேன். முதன்முறையாக அவரை "அத்தை" என்று கூப்பிட்டேன்.

கோபமென்றால் கடிதத்தில் வேண்டாம், நேரில் வந்து கோபித்துக்கொள்ளுங்கள். வரும்போது மாந்தளேப் பட்டில், இங்கே பெண்கள் உடுத்துகிற லுங்கி ஒன்று வாங்கி வாருங்கள். எனக்கல்ல, அத்தைக்கு. தங்கள் கையாலேயே கொடுங்கள்.

தங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
ரத்தினம்மாள்.