தொங்கவிட்டு முறுக்கிய புஷ்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நாங்களும் சுகம், கூடவே என் கண்ணும் கையும் சுகம், நீதான் அவற்றைப் பற்றி ரொம்பக் கவலைப்பட்டாயாமே. போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நம் பழைய பிக்கப் வண்டி இடது பக்கம் இழுக்கிறது, பிரேக் பிடித்தால் அடியில் டொக்கென்று சத்தம் வருகிறது என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அப்பா காதில் வாங்கவில்லை. நான் ஓட்டி வரும்போது வண்டி நம் செடி நர்சரி கேட்டில் உரசி ஒரு கோடு விழுந்தபோது மட்டும் உடனே உனக்குப் போன் போட்டார். நீயும் அங்கே உட்கார்ந்துகொண்டு, "அம்மாவுக்கு வயசாயிடுச்சுப்பா, சாவிய வாங்கி வச்சிடுங்க" என்று தீர்ப்புச் சொன்னாய். அன்றைக்கே சாவி அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது. நான் வளர்த்த செடிகளைக் கூலிக்கு வந்த டிரைவர் கடைகளுக்கு ஏற்றிக்கொண்டு போக, நான் வாசலில் நின்று பார்த்தேன். அக்காவுக்கு உடம்புக்கு என்ன என்று கடைக்காரர்கள் விசாரிக்கிறார்களாம். அந்த டிரைவர் மறுநாளே வந்து, "ஐயா, வண்டி சொன்ன பேச்சு கேக்கல, நான் ஒரு பக்கம் திருப்பினா அது ஒரு பக்கம் போகுது" என்றார். ஒரே தடவைதான் சொன்னார். உன் அப்பா அப்போதே மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டார். நான் சொன்னால் வயதுக் கோளாறு, மீசை வைத்தவர் சொன்னால் வண்டிக் கோளாறு.

மெக்கானிக் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் புஷ், அது நார் நாராகக் கிழிந்திருந்தது. "யாரு அக்கா இத மாட்டினது? சக்கரம் தொங்கும்போதே போல்ட்ட முறுக்கிட்டாங்க. வண்டிய இறக்கினா ரப்பர் பிழிஞ்ச துணி மாதிரி ஆயிடும், எப்படித் தாங்கும்?" என்று கேட்டார். போன லீவில் நீயும் உன் அப்பாவும் என்னைக் கிட்டே விடாமல், வீடியோ பார்த்து மாட்டினீர்களே, அதே புஷ்தான். "எங்க வீட்டு இன்ஜினியருங்க ரெண்டு பேரு" என்றேன். உன் அப்பாவுக்குத் திடீரென்று ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடவேண்டிய வேலை வந்துவிட்டது. மெக்கானிக் புதிதாக மாட்டி, சக்கரத்தைத் தரையில் இறக்கி, பாரம் ஏறிய பிறகே போல்ட்டை இறுக்கினார். இப்போது வண்டி நேராகப் போகிறதாம். டிரைவர் சொன்னார், எனக்கு எப்படித் தெரியும்?

நேற்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் உன் அப்பா சாவியைக் கட்டிலில் வைத்துவிட்டு நழுவிவிட்டார். நான் தொடவில்லை. கை நீட்டி வாங்கியவர் என் முகத்தைப் பார்த்துத் தரட்டும். நீயும், "நான் மன்னிப்புக் கேட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்று அவரிடம் சொல்லி அனுப்பாதே. என் போன் எண் உன்னிடம் இருக்கிறது.

எவ்வளவு கோபமிருந்தாலும் வாய் உங்களை நன்றாக இருங்கள் என்றுதான் சொல்கிறது, நோய்நொடி இல்லாமல் இருங்கள். ஒன்று மறக்காதே. வண்டியில் என்னவோ சத்தம் என்று மருமகள் சொன்னால், முதலில் இறங்கிப்போய் வண்டியைப் பார்.

இப்படிக்கு,
உன் அம்மா