பெரிய வெள்ளியன்று கடலில் இறங்கியவர்

அக்கா,

நாளை பெரிய வெள்ளி. ஒரே ஒரு நாள் கடை திறக்காது என்பதற்காக இன்று மாலை ஆக்லாந்தில் நம் நியூ லின் சூப்பர் மார்க்கெட்டில் கூட்டம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. ரொட்டித் தட்டு காலி. பால் இருந்த இடத்தில் ஈரம் மட்டும் மிச்சம். வாசலிலேயே சிலுவை போட்ட பன்களைச் சுடச்சுட அடுக்கியிருந்தார்கள். பட்டையும் உலர்திராட்சையும் வெந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் ட்ராலியைத் திருப்பி என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

“ஒரு நாள் கடை பூட்டுறதுக்கு இந்தப் பாடோ? எங்கட ஊர்ல சண்டை நேரம் மாசக்கணக்காப் பூட்டிக் கிடந்தது. நாங்கள் என்ன செத்தே போனனாங்கள்?” என்று வருடா வருடம் இதே வாசலில் நின்று கேட்பீர்கள். சத்தமாகத்தான் கேட்பீர்கள், யாருக்கும் தமிழ் புரியாது என்ற தைரியத்தில். இந்த வருடம் கேட்க ஆளில்லை. பன் வாங்காமலே வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஏவன்டேலில் ஒரே சுவரின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். நான் கரூர்க்காரி. கடலைப் பார்ப்பதென்றால் எங்களுக்கு அது ஒரு பயணம். நீங்கள் மன்னாரில் மீன்பிடிக்கிற ஊர் ஒன்றில் பிறந்தவர். முதல் நாள் கதவைத் தட்டி, “சும்மா கதைக்க வந்தனான்” என்றீர்கள். ஏதோ கதை சொல்லப் போகிறீர்கள் என்று நானும் காபியோடு எதிரில் உட்கார்ந்து காத்திருந்தேன். நீங்கள் வாடகையைப் பற்றிப் பேசினீர்கள். குப்பைத்தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்று கேட்டீர்கள். எப்போது கதை ஆரம்பிக்கும் என்று நான் கேட்டதும் சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது.

அப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த நீங்கள் ஒரு நாள் நான் வேலை செய்த பயண ஏஜென்சிக்கு வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஹென்டர்சன் தையல் தொழிற்சாலையிலிருந்து நேரே வந்திருந்தீர்கள். சட்டையில் நூல் ஒட்டியிருந்தது.

“ட்ரினிடாட் எண்டு ஒரு இடம் இருக்குதாமே. அங்க ஒரு கடற்கரைக்குப் போகோணும். நீயும் வரோணும்.”

“கடற்கரைக்கா? இங்க எந்தப் பக்கம் நடந்தாலும் கடல்தானேக்கா?”

“இது இல்லைப் பிள்ளை. அந்தக் கடல்.”

அன்றுதான் உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னீர்கள். அயல்நாட்டுச் சரக்குக் கப்பலில் சமையல்காரர். நீங்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில் கப்பலிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். ட்ரினிடாட்டுக்கு வடக்கே கடலில் அடக்கம் செய்துவிட்டதாகத் தந்தி வந்தது. ஒப்பாரி வைத்தால் தந்தி உண்மையாகிவிடும் என்று உங்கள் அம்மா பயந்தார். வீட்டில் ஒருவரையும் அழ விடவில்லை. தான் சாகும்வரை விடவில்லை.

“எங்கட ஊர்ல ஆருமே அழுகை இல்லாமல் போறேல்லை. குடிச்சுப்போட்டு ஊரையே ஏசித் திரிஞ்ச ஆளுக்கும் நாலு பொம்பிளையள் இருந்து அழுவினம். அப்பாவுக்கு மட்டும் ஒருத்தரும் அழேல்லை. நான் ஒருக்கா அங்க போய் நிண்டு வாய்விட்டு அழோணும். அவ்வளவுதான்.”

எல்லாக் கடலும் ஒரே தண்ணீர்தானே, நம் மேற்குக் கரையில் போய் அழுதால் என்ன என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். உங்கள் கணவரைக் கூட்டிப் போகலாமே என்றேன். அவர் இந்த நாட்டுக்கு வந்த விமானத்தோடு சரி, இனிப் பெட்டியில் போனாலும் விமானத்தில் போகமாட்டேன் என்கிறார் என்றீர்கள்.

சிக்கல் தேதியில் வந்தது. தொழிற்சாலை ஈஸ்டருக்கு மூடுகிறபோது அதோடு சேர்த்துத்தான் லீவு, வேறு எந்த வாரமும் கிடையாது என்று உங்கள் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். என்னைக் கேட்டால் வருடத்தில் இரண்டு வாரம் யாரையும் கடற்கரைக்கு அனுப்பவே கூடாது. ஒன்று கிறிஸ்துமஸ், மற்றது ஈஸ்டர். அந்தத் தீவுகளில் வியாழன் மாலையோடு வங்கியும் அலுவலகமும் பூட்டு. அதன்பின் ஊர் மொத்தமும் சட்டி, பெட்டி, ஒலிபெருக்கியோடு மணலுக்கு வந்துவிடும். பக்கத்துத் தீவான டொபேகோவுக்குப் படகில் இடமே கிடையாது. ஐஸ் பெட்டிக்கும் ஆட்டத்துக்கும் நடுவே நின்று ஒருத்தி ஒப்பாரி வைத்தால் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடுவார்கள்.

நானும் விடவில்லை. ஆளில்லாத கடற்கரை இருக்கிறதா என்று விடுதி விடுதியாக ஃபேக்ஸ் அனுப்பினேன். ஈஸ்டரில் ஆளில்லாத கடற்கரை கேட்கிற கிறுக்கி யார் என்று நினைத்திருப்பார்கள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் இடமில்லை என்றார்கள். கடைசியில் வடகரையில் ஒரு மீனவ ஊரிலிருந்து, வீட்டில் அறை வாடகைக்கு விடுகிற பெண் ஒருத்தி பதில் போட்டாள். சனி தொடங்கித் திங்கள்வரை இங்கே மணலே கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வெள்ளிக்கிழமை ஈ காக்கை இருக்காது என்று எழுதியிருந்தாள்.

அன்று ரயில்வரை ஓடினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், “அக்கா, வெள்ளிக்கிழமை கடற்கரை மொத்தமும் உங்களுக்குத்தான்!” என்றேன்.

நீங்கள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினீர்கள்.

“பெரிய வெள்ளியோ? அண்டைக்கு நாங்கள் கடல்ல கால் வைக்கிறேல்லை, பிள்ளை. வள்ளமெல்லாம் கரையில ஏத்திப்போடுவம். ஆண்டவர் செத்த நாளில ஆர் கடலுக்குப் போவினம்?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உலகத்தின் மறுபக்கத்தில் போய்த் தேடி ஒரு நாளைக் கண்டுபிடித்தால் அந்த நாளும் ஆகாதா?  பிறகு நீங்கள்தான் கத்தியை மறுபடி எடுத்தீர்கள்.

“சரி, போடு டிக்கெட்டை. கால் வைக்காட்டி என்ன? கரையில நிண்டாலும் குரல் போகும்தானே.”

போனோம். லாஸ் ஏஞ்சலஸ், மயாமி என்று மாறி மாறி ஏறினோம். தேதிக்கோட்டைத் தாண்டியதில் முடிந்துபோன கிழமை மறுபடி வந்தது. “போன நாள் திரும்பி வருமெண்டால் ஆர்தான் வேண்டாமெண்டுவினம்?” என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்காரப் பெண் எங்களுக்குத் தேநீர் ஊற்றினாள். ஒல்லியானவள், கண்டிப்பானவள். கடற்கரைப் பக்கம் போகிறோம் என்றதும் கெட்டிலைக் கீழே வைத்தாள். போய்ப் பாருங்கள், ஆனால் தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள், இன்று கடலில் குளிக்கிறவர்கள் மீனாகிவிடுவார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள் என்றாள். அவள் சிரிக்கவில்லை. நான் அதை உங்களுக்குத் தமிழில் சொன்னேன். “மீனாகவோ?” என்றீர்கள். 

மலைச்சரிவில் இறங்கித் திரும்பியதும் கடல் தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் எத்தனையோ கடல்களுக்கு ஆட்களை அனுப்பியிருக்கிறேன். எல்லாப் பயணப் புத்தகத்திலும் நீலம் என்று போட்டிருக்கும். இந்த நீலத்தை யாரும் சரியாக அச்சடித்ததில்லை. ஒரு மனிதர் இல்லை. நாய்கூட இல்லை. படகுகள் எல்லாம் தென்னைக்குக் கீழே மணலில் ஏற்றிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. நீங்கள் ஒரு படகின் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

“எங்கட ஊர் மாதிரியே கவிட்டு வச்சிருக்கினம்,” என்றீர்கள்.   இத்தனை கடல்களுக்கு அப்பால், இன்னொரு மொழி பேசுகிற, உங்களைக் கேள்வியே படாத மனிதர்கள் அதே நாளில், அதே காரணத்துக்காகக் கடலுக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள்.

ஈர மணலுக்கு இந்தப் பக்கமாக, அலை தொடாத இடத்தில் நின்றீர்கள். நான் பின்னால் தள்ளி நின்றேன். அழுகை வரவில்லை. வாயைத் திறப்பீர்கள், மூடுவீர்கள். ஜெபமாலையை எடுத்தீர்கள், பைக்குள் வைத்தீர்கள். வெயில் ஏறியது. இதற்காகவா இவ்வளவு தூரம் என்று நினைத்தேன். திரும்பிப் போகும்போது உங்களிடம் என்ன பேசுவது என்று யோசிக்கக்கூடத் தொடங்கிவிட்டேன்.

திடீரென்று திரும்பிப் பார்த்தீர்கள்.

“அவ என்ன சொன்னவ? இறங்கினா மீனாப் போவமெண்டோ?”

“ஆமாக்கா. அது சும்மா சொல்றது.”

“மீனாப் போனால் நல்லதெல்லே? அப்பாவைத் தேடலாம்.”

செருப்பைக் கழற்றி ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தீர்கள். அக்கா, நான் கத்தினேன், கேட்டதா? எனக்கு நீந்தத் தெரியாது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. சேலை பின்னால் மிதந்தது. அங்கே நின்றீர்கள். ஓர் அலை வந்து உங்களைத் தூக்கி, வந்த இடத்திலேயே இறக்கிவிட்டது. அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

அப்படி ஒரு குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடுகிற குரல் எனக்குத் தெரியும். இது அது இல்லை. “அப்பா, உங்கட பிள்ளை வந்திட்டன், கரைக்கு வாங்கோ. சோறு ஆறுது, கரைக்கு வாங்கோ. அம்மா அழ விடேல்லை, கோவிக்காமல் கரைக்கு வாங்கோ.” ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் குரல் மேலே ஏறி உடைந்தது. முப்பது நாற்பது வருடமாக உள்ளே இருந்தது அத்தனையும் வரிசையாக வந்தது. பயம் போய், நானும் முழங்கால்வரை தண்ணீரில் நிற்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மேலே சாலையில் ஏதோ அசைவு. திரும்பினேன். ஊர் மக்கள் பாடிக்கொண்டே சிலுவைப் பாதை வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நாலு பேர் பெரிய மரச்சிலுவையைத் தோளில் சுமந்திருந்தார்கள். எங்களைப் பார்த்துவிட்டார்கள். பெரிய வெள்ளியும் அதுவுமாகக் கடலில் இரண்டு பெண்கள்! இறங்கி வந்து திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். முன்னால் வந்த நாலு பேரும் நின்றார்கள். பின்னால் வந்த வரிசை முழுதும் நின்றது. பாட்டை நிறுத்தினார்கள். ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனால் எங்கள் வீட்டுக்காரப் பெண் தார்ச்சாலையில் முழங்காலிட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து ஒரு கிழவர். நீங்கள் அழுது முடிக்கும்வரை சிலுவையைத் தோளிலிருந்து இறக்காமல் அந்த வெயிலில் அவர்கள் நின்றார்கள்.  உங்கள் அப்பாவுக்கு அழ நாலு பெண்கள் கிடைக்கவில்லையே என்றீர்கள். ஒரு ஊரே நின்றதே அக்கா!

நீங்கள் அவர்களைப் பார்க்கவேயில்லை. கரையேறியதும் சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, “கால் இருக்கோ எண்டு ஒருக்காப் பார்,” என்றீர்கள்.

“இருக்குக்கா. ரெண்டும் இருக்கு.”

“அப்ப அப்பா வேண்டாமெண்டுட்டார். லீவு முடிய வேலைக்குப் போகோணும்தானே,” என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தீர்கள். மறுநாள் காலை அந்த மணலில் கால் வைக்க இடமில்லை. நீங்கள் ஒரு குடும்பத்தின் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த பொரித்த மீனைச் சாப்பிட்டீர்கள். இசைக்குத் தலையைக்கூட ஆட்டினீர்கள்.

போன குளிர்காலம் உங்கள் இதயம் நின்றுபோனது. ஆக்லாந்து வழக்கப்படி எல்லாம் நேரத்துக்கு நடந்தது. வெளியே அடுத்த சவ ஊர்வலம் காத்திருந்தது. உள்ளே மெல்லிய இசை. உங்கள் மகன் ஆங்கிலத்தில் நன்றாகவே பேசினான். யாழ்ப்பாணத்தவர், மன்னார்க்காரர், எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் டிஷ்யூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சத்தம் வந்துவிடாதபடி உட்கார்ந்திருந்தோம். உங்கள் கணவர் தலை நிமிரவேயில்லை. பெட்டியை எடுக்க வந்தார்கள். ஒருவரும் அழாமல் உங்களை அனுப்பப் போகிறார்கள் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

எனக்கு ஒப்பாரி தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் பாடியதில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் அருகே நின்று கேட்டிருக்கிறேன். எழுந்தேன், வாயைத் திறந்தேன், உங்கள் ராகத்தில் அது வந்தது. மேலே ஏறி, நீங்கள் உடைந்த அதே இடத்தில் உடைந்தது. யாரோ என் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். பின்வரிசையில் மன்னார்க்காரப் பெண் ஒருத்தி எழுந்து என்னோடு சேர்ந்துகொண்டாள். பிறகு இன்னொருத்தி. பெட்டியைத் தூக்க வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

எல்லாம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் உங்கள் மகன் என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது. ஆன்டி, என்ன சொல்லி அழுதீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

“உன் தாத்தாவைக் கூப்பிட்டேன்ப்பா. உங்க பிள்ளை வர்றாங்க, கரைக்கு வாங்கன்னு.”

 வீட்டில் நீங்கள் எவ்வளவு கெஞ்சியும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்ன பிள்ளை, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத் தமிழில் கேட்டான்.

“அவர் வந்திருப்பாரோ?”

ஆமா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன் அக்கா. உங்கள் “ஓம்”தான் வந்தது.