பாம்புப் பெட்டிக்குள் வைத்த தெர்மாமீட்டர்

அண்ணா,

பல்பில் தூசி கருகும் வாசனை இன்றுதான் மறுபடி வந்திருக்கிறது. பால்மாவு டப்பாவுக்குள் நீ மாட்டிவைத்த நாற்பது வாட் பல்பு. அதன் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். அம்மா விழித்துக்கொண்டால் அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் பாம்பு. எனக்குப் பயமாக இருக்கிறது. அதன்மேல் எரிச்சலாகவும் இருக்கிறது.

கப்பலில் வேலை பார்க்கும் உன் சிநேகிதர் ஆப்பிரிக்காவிலிருந்து அதைத் துணிப்பையில் கொண்டுவந்தார். தரையில் விட்டதும் பந்து போலச் சுருண்டு, தலையை நடுவில் ஒளித்துக்கொண்டது.

"உன்ன மாதிரியேதான். பயந்தாங்கொள்ளி!" என்று சிரித்தாய். அதுவரை அந்தப் பெயர் எனக்கு மட்டும்தான் இருந்தது.

"புது எடம், பழகட்டும். ஒரு வாரம் யாரும் தொடக் கூடாது" என்று ரேடியோவைக்கூடக் குறைக்கச் சொன்னாய். பெட்டியில் ஒரு மூலை சூடாகவும் மறு மூலை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், எது வேண்டுமோ அங்கே அதுவே போய்க்கொள்ளும் என்று, அது ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் உடைந்த பூந்தொட்டியைக் கவிழ்த்தாய். பல்பு எங்கிருந்து வந்தது? என் படிப்பு மேஜையிலிருந்து.

"எனக்குப் பரீட்சை அண்ணா!"

"ஹால்ல உக்காந்து படி. குளிர்ந்தா நீ ஸ்வெட்டர் போட்டுப்ப. அது என்னடி பண்ணும்?"

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் என்னைச் சைக்கிளில் வைத்து ஓட்டும் சாயங்காலங்களும் அதற்கே போயின. கல்லூரியில் இரவல் வாங்கிய தெர்மாமீட்டரோடு பெட்டி முன்னாலேயே உட்கார்ந்திருப்பாய். அதில் எண்பத்தெட்டு டிகிரி வந்தால் உன் முகத்தில் தெரிந்த சந்தோஷம், நான் வகுப்பில் முதலாவதாக வந்தபோது தெரியவில்லை. நீ காய்ச்சலில் கிடந்தபோதும், "பெட்டி சூடா இருக்கா?" என்றுதான் என்னைக் கேட்டாய். நான் சாப்பிட்டேனா என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

நீ போனபின் உன் வகுப்புப் பையன்கள் வந்து கல்லூரித் தெர்மாமீட்டரை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் அலமாரியில் இருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். நூற்றிநாலு! பாம்பு வெந்துவிடுமே என்று பல்பை அணைத்தேன். மறுநாளும் நூற்றிநாலு. பெட்டிமேல் ஈரச் சாக்கைப் போர்த்தினேன். அப்போதும் நூற்றிநாலு. மார்கழிக் குளிரில் பாம்பு கட்டை போலக் கிடந்தது.

இன்று சாயங்காலம், "அது சாகுதும்மா" என்று அழுதுவிட்டேன்.

அம்மா தெர்மாமீட்டரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "உதறினியா?"

"இல்லம்மா."

"உதறாம பாதரசம் இறங்காதுடி. இது..."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகுதான் எனக்குப் புரிந்தது. அது பெட்டியின் சூடே இல்லை. உன் அக்குளில் கடைசியாக வைத்து எடுத்த சூடு. அன்று அதை யாரும் உதறி வைக்கவில்லை.

ஈரச் சாக்கை எடுத்தேன். பல்பைப் போட்டேன். அளக்க இனி என் கைதான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விட்டு, சூடான மூலையில் தொட்டியின் மேல் புறங்கையை வைத்தேன். வெகுநேரம் கழித்து ஏதோ மணிக்கட்டில் உரசியது. நான் கத்தவில்லை அண்ணா. அதன் வயிறு லேசாக வெதுவெதுப்பாகியிருந்தது. பிழைத்துவிடும்.

என் பல்பை அதுவே வைத்துக்கொள்ளட்டும். நீ கொடுத்த சாயங்காலங்களையும் வைத்துக்கொள்ளட்டும். தெர்மாமீட்டரைப் பஞ்சில் சுற்றி என் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். யாரையும் உதற விடமாட்டேன். அந்தச் சூடு பாம்புக்குக் கிடையாது.