அக்காவின் நாற்காலிக்கு ஆள் வேண்டும்

பிப்ரவரி 3, திங்கள்

அக்கா இன்றும் படுத்துக்கொண்டேதான் வேலை பார்த்தாள். ஒருக்களித்துப் படுத்து, மடிக்கணினியை ஒரு தலையணையில் சாய்த்து, ஒற்றைக் கையால் தட்டுகிறாள். "டாக்டர் படுத்திருக்கத்தானே சொன்னாங்க? படுத்துத்தானே இருக்கேன்?" என்கிறாள். ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. வேலையை விடாவிட்டால் மருத்துவமனையிலேயே படுக்க வைத்துவிடுவேன் என்று டாக்டரம்மா போன வாரமே மிரட்டியாயிற்று. அக்கா காதில் விழுந்தால்தானே?

கம்பெனி என்று பெரிதாகச் சொல்கிறோமே தவிர, நாங்கள் இரண்டு பேர்தான். நாய், பூனை பார்க்கும் மருத்துவமனைகளுக்கு மென்பொருள். எந்த நாய்க்கு எப்போது ஊசி, எந்தப் பூனைக்கு என்ன மருந்து, யாருக்கு நினைவூட்டல் செய்தி அனுப்ப வேண்டும், எல்லாம் அதற்குள் இருக்கிறது. எழுதுவது அக்கா, பேசுவது நான். எனக்கு ஒரு வரி நிரல் எழுத வராது. அவளுக்கு ஒரு வரி இனிமையாகப் பேச வராது. இத்தனை வருடம் வண்டி ஓடியதே அதனால்தான்.

உள்ளூரில் தேடிப் பார்த்தாயிற்று. வந்தவர்கள் எங்கள் முன்னறையையும் ஒற்றை மேசையையும் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறேன் என்று போனவர்கள்தான். இனி வெளிநாடு! எந்த ஊரில் இருந்தாலும் சரி, வீட்டிலிருந்தே வேலை! விளம்பரத்தை ஏற்றிவிட்டு அறைக்குள் ஒரு குதி குதித்தேன். "தரை அதிருது, உட்காருடி" என்றாள் அக்கா.

பிப்ரவரி 5, புதன்

விண்ணப்பங்கள் கொட்டுகின்றன. நான் வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய ஊர்களிலிருந்தெல்லாம்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று மூன்று நேர்காணல். எல்லாம் ஆங்கிலத்தில். நான் கேமரா முன்னால், அக்கா கட்டிலில் கேமராவுக்குப் படாமல். கேள்வி அவளுடையது, வாய் என்னுடையது.

முதல் ஆள் கூரைக்காரர். கடைசி வரைக்கும் அவர் வீட்டு மின்விசிறியைத் தவிர வேறெதையும் நாங்கள் பார்க்கவில்லை. குரல் மட்டும் நன்றாக இருந்தது. விசிறியும் நன்றாகத்தான் சுற்றியது.

இரண்டாம் ஆள் எதைக் கேட்டாலும் மணி மணியாகப் பதில் சொன்னார். நான் சொக்கிப் போய்விட்டேன். அக்கா துண்டுக் காகிதத்தில் கிறுக்கி நீட்டினாள்: 'கண்ணை மூடிக்கிட்டு பதில் சொல்லச் சொல்லு.' சொன்னேன். மனிதர் கண்ணை மூடினார். பதிலும் மூடிக்கொண்டது. அதுவரை திரையில் எதையோ பார்த்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்! பாவம், ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்த்தார். நான் சிரிப்பை அடக்க மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடுவதுபோல் நடித்தேன்.

மூன்றாமவர் உண்மையிலேயே கெட்டிக்காரர். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள்.

"ஏன்க்கா?"

"ரொம்ப வேகமா பேசறான்."

பிப்ரவரி 13, வியாழன்

ரொம்ப மெதுவாகப் பேசுகிறாள் - வேண்டாம். ரொம்பப் பெரிய கம்பெனியில் இருந்திருக்கிறான் - வேண்டாம். ரொம்பச் சின்ன கம்பெனியில் இருந்திருக்கிறாள் - வேண்டாம். இது என்ன வம்பாய்ப் போச்சு!

கணக்கு வாத்தியாரான அத்தான் சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உங்க அக்காவுக்கு ஆள் வேண்டாம். இன்னொரு அக்கா வேணும். அது எங்க கிடைக்கும்?"

சிரித்துவிட்டேன். பிறகு பார்த்தால் அவர் கண் கலங்கியிருந்தது. இன்று ரத்த அழுத்தம் இன்னும் கூடியிருக்கிறதாம். அக்கா, உனக்கு ஏன் இது புரியவில்லை? குழந்தைக்கு ஒன்று ஆனால் நாய்க்கு ஊசி போட்ட தேதி வந்து காப்பாற்றுமா? கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அழுதுவிடுவேன்.

பிப்ரவரி 17, திங்கள்

தொப்பியம்மா! தொப்பியம்மா! தொப்பியம்மா!

அவர் ஊரில் கடுங்குளிர். வீட்டுக்குள்ளேயே காது மூடும் கம்பளித் தொப்பியோடு வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். அக்கா எழுதிக் கொடுத்த கேள்விக்கு அவர் சொன்ன முதல் பதில்: "தெரியாது. ஆனால் எங்கே தேடுவேன் என்று சொல்கிறேன்." அப்புறம் எங்கள் மென்பொருளில் பூனை செத்துப்போனால் நினைவூட்டல் போவது நிற்குமா என்று அவர் எங்களைக் கேட்டார். திரும்பிப் பார்த்தால் அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். நிற்காதாம்! இத்தனை வருடத்தில் அவளுக்கே தோன்றவில்லையாம்.

"சரி, பரீட்சை வேலை கொடுத்துப் பாரு" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை.

பரீட்சை வேலை இதுதான். எங்கள் மென்பொருளின் நகல் ஒன்று இருக்கிறது. அதில் எல்லாம் கற்பனை நாய்கள், கற்பனைப் பூனைகள். அதில் நினைவூட்டல் வாசகத்தை மாற்றி எல்லோருக்கும் அனுப்பிக் காட்ட வேண்டும். நகலுக்கு மேலே பச்சைப் பட்டை, நிஜத்துக்கு நீலப் பட்டை. திறக்க வேண்டிய இணையச் சுட்டியை நான்தான் அனுப்பினேன். அனுப்பிவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே துணி மடித்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஐயோ.

நீலப் பட்டை. நான் அனுப்பியது நீலப் பட்டை.

(சாயங்காலம்) இப்போதுதான் மூச்சு வந்தது. ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் கைப்பேசி அலறியது. எங்கள் முதல் வாடிக்கையாளரான மருத்துவமனை டாக்டர். "என்னங்க இது? தெருக்கோடி வரைக்கும் நாயா நிக்குது!" என்றார். பின்னணியில் குரைப்பு. நேற்று அவருடைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தி போயிருக்கிறது: நாளை காலை ஊசி, வெறும் வயிற்றோடு அழைத்து வரவும்!

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். நாய், பூனை, கூண்டுக்கிளி, ஒரு வாத்து. எல்லாம் பட்டினி. எல்லாம் கோபம். வாத்தைக் கொண்டுவந்த அம்மாள் அதை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை நிறுத்தப் போய்விட்டார். நான் வாத்தோடு நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். வாத்து இடையிடையே என் காதைக் கொத்தியது. கொத்து, கொத்து, நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

மதியத்துக்குள் டாக்டரின் குரல் மாறிவிட்டது. "மூணு வருஷமா கூப்பிட்டும் வராத பூனைங்க எல்லாம் இன்னைக்கு வந்திருக்குங்க. ஊசி மருந்தே தீர்ந்துபோச்சு. இந்தக் கூத்தை வருஷத்துக்கு ஒரு தடவை வச்சுக்கலாமா?" என்றார். அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். கையில் வாத்து.

வீட்டுக்கு வந்தால் தொப்பியம்மா திரையில் காத்திருக்கிறார், தொப்பி இல்லாமல், தலைமுடி நாலா பக்கமும் பறக்க. நேற்றே எனக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறார், நான்தான் பார்க்கவில்லை; அவர் ஊரில் விடிந்ததும் விடியாததுமாக அழைத்திருக்கிறார். ஒருவர் 'என்னிடம் இரண்டு பூனைகள், எந்தப் பூனைக்கு ஊசி?' என்று பதில் அனுப்பியிருந்தாராம். கற்பனை மனிதர்கள் பதில் போட மாட்டார்களே என்று அந்த நொடியே அனுப்புவதை நிறுத்திவிட்டாராம். இல்லாவிட்டால் எல்லா மருத்துவமனை வாசலிலும் இதே கூத்து நடந்திருக்கும்.

"தப்பு என்னுடையது, டாக்டரிடம் நானே பேசுகிறேன்" என்றார்.

"இல்லை, சுட்டி அனுப்பியது நான்."

"பட்டையின் நிறத்தை நான் கேட்டிருக்க வேண்டும்."

"நான் சொல்லியிருக்க வேண்டும்."

இப்படியே நாங்கள் தப்பை ஒருவரிடமிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்டிருக்க, கட்டிலிலிருந்து ஒரு சத்தம். அக்கா சிரிக்கிறாள். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, எத்தனை மாதம் ஆயிற்று அவள் இப்படிச் சிரித்து! எனக்குப் பயம் வந்து தண்ணீரை நீட்டினேன்.

சிரிப்பு அடங்கியதும் அவளே கணினியைத் தன் பக்கம் திருப்பிக் கேட்டாள். முதல் முறையாக அவள் முகம் கேமராவில். "பாதியில் நிறுத்துவதற்குத்தான் பொத்தானே கிடையாதே. எப்படி நிறுத்தினீர்கள்?"

பொத்தான் இல்லை, ஆனால் நீங்கள் அதற்கு ஒரு வழி எழுதி மூலையில் போட்டு வைத்திருந்தீர்கள் என்றார் தொப்பியம்மா. எதையும் தொடுவதற்கு முன்னால் முழுவதையும் படித்துவிடுவது அவர் பழக்கமாம். அக்கா நிரலுக்கு நடுநடுவே ஆங்கில எழுத்தில் தமிழில் தன்னைத் தானே திட்டி எழுதி வைப்பாள். அதையும் விடவில்லை, மொழிபெயர்க்கும் செயலியில் போட்டுப் பார்த்திருக்கிறார். "'இதைத் தொடாதே, தொட்டால் அழுவாய்' என்று ஓரிடத்தில் இருந்தது. தொடவில்லை. 'ஓ சனிக் கிரகமே' என்று பல இடத்தில் இருந்தது. அது மட்டும் விளங்கவில்லை."

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சனியனே!

"இதை எழுதியவர் மிகவும் களைத்திருந்தார் என்று தெரிந்தது. ஆனால் எங்கேயும் ஏமாற்றவில்லை" என்றார்.

அழைப்பு முடிந்ததும் அக்கா, "எப்ப சேருவாங்கன்னு கேளு" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 19, புதன்

சேர்த்தாயிற்று! அத்தான் பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னேன். மனிதர் டீயில் உப்பைப் போட்டுவிட்டார். மூன்று பேரும் குடித்தோம்.

பிப்ரவரி 26, புதன்

ஒப்படைக்கிறேன் என்று அக்கா ஒரு வாரமாக ஒப்படைத்துக்கொண்டே இருக்கிறாள். "இதை மட்டும் நானே பார்த்துக்கறேன்" என்று ஒன்று, மறுநாள் இன்னொன்று. தொப்பியம்மா எல்லாவற்றுக்கும் சரி என்கிறார். இன்று மட்டும், "உங்கள் டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார். அக்கா ரத்த அழுத்தத்தைச் சொன்னாள். உள்ளது உள்ளபடியே சொன்னாள், எங்களிடம்கூட அப்படிச் சொன்னதில்லை. "கடவுச்சொல்லைக் கொடுங்கள், மூடிவிட்டுத் தூங்குங்கள்" என்றார் தொப்பியம்மா. கொடுத்தாள். மூடினாள்.

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மார்ச் 11, செவ்வாய்

ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. அக்கா மதியத்தில் குறட்டை விடுகிறாள். உலகத்திலேயே அழகான சத்தம்.

ஏப்ரல் 9, புதன்

பெண்! காலையில் பிறந்தாள். இரண்டு பேரும் சுகம், இரண்டு பேரும் சுகம், எத்தனை முறை எழுதினாலும் அலுக்கவில்லை. அத்தானுக்கு நேரம், எடை எதுவும் சொல்ல வரவில்லை. கணக்கு வாத்தியார்!

சாயங்காலம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அலுவலகக் கைப்பேசி என் மடியில். காலையிலிருந்து ஒருமுறைகூட அடிக்கவில்லை. கெட்டுப்போயிற்றோ என்று என் சொந்தக் கைப்பேசியிலிருந்து அழைத்துப் பார்த்தேன். சத்தமாக அடித்தது. குழந்தை திடுக்கிட்டது, நான் பதறிக் கைப்பேசியை அணைத்தேன்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "யாரு? என்ன பிரச்சினை?"

"யாருமில்லக்கா. நான்தான்."

"நிஜமா யாரும் கூப்பிடலையா?"

"ஒருத்தரும் கூப்பிடல."

என் மடியிலிருந்த கைப்பேசியை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் குழந்தை பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.